தொழுகை கடைக்குள் வர வேண்டாமா?

சென்ற மாதம் ஒரு நாள் இஷா தொழுகை முடிந்து ஹவுள் ஓரம் உட்கார்ந்திருந்தேன். பத்தொன்பது வயது மதிக்கத்தக்க ஒரு தம்பி தயங்கித் தயங்கி அருகில் வந்தார். ராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பிழைக்க வந்தவர். செல்போன் சாமான்கள் விற்கும் கடையில் சேல்ஸ்மேன்.

"ஹஜரத், ஒரு மஸ்அலா கேக்கணும். டூப்ளிகேட் சார்ஜரைக் கம்பெனி சார்ஜர்னு சொல்லிக் கொடுக்கச் சொல்றாங்க. ஒரிஜினலான்னு கேட்டா ஆமான்னு சொல்லணும். அப்படிச் சொல்லி வாங்குற சம்பளம் எனக்கு ஹலாலா, ஹராமா?"

மிம்பரில் நின்று பழகிய நாக்கு சும்மா இருக்குமா? பொய் சொன்னால்தான் பிழைப்பு என்றால் அந்த வேலையே வேண்டாம், விட்டுவிடுங்கள், அல்லாஹ் வேறு வாசலைத் திறப்பான் என்று உடனே சொல்லிவிட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "மூணு மாச சம்பளம் முதலாளிகிட்ட நிக்குது ஹஜரத். விட்டுட்டுப் போனா அது வராது."

எனக்குப் பதில் வரவில்லை. மஸ்அலா சொல்வது எத்தனை சுலபம்!

விசாரித்தபோது கடை எதுவென்று தெரிந்தது. முதலாளி எனக்கு நன்கு பழக்கமானவர். முதல் ஸஃப்பில் நிற்பவர். மூன்று முறை உம்ரா சென்றவர். நம் அமைப்பின் மருத்துவ உதவிக்குக் கேட்டபோதெல்லாம் கல்லாவைத் திறந்தவர். மறுநாள் காலை கடை திறக்கும் நேரத்தில் போய் உட்கார்ந்தேன். தேநீர் வந்தது. பையனைக் காட்டிக் கொடுக்காமல், பொதுவாக, சம்பளத்தைப் பிடித்து வைப்பது பற்றியும், பொருளின் குறையை மறைத்து விற்பது பற்றியும் மெதுவாகப் பேச்செடுத்தேன்.

சிரித்துக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்: "பஜாருக்குன்னு ஒரு வழக்கம் இருக்கு ஹஜரத். சம்பளத்தைக் கையில வச்சுக்கலைன்னா எந்தப் பயலும் பெருநாளைக்கு ஊருக்குப் போயிட்டுத் திரும்பி வர மாட்டான். நீங்க பள்ளியைப் பாத்துக்குங்க. கடையை நாங்க பாத்துக்கறோம்."

மத்யன்வாசிகளின் கேள்வி

இந்தப் பதிலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று கடையை விட்டு இறங்கும்போதே மனதில் ஓடியது. ஆம். ஷுஐப் (அலை) அவர்களிடம் மத்யன் நகரத்து வியாபாரிகள் சொன்ன பதில் இது! அல்லாஹ்வை வணங்குங்கள் என்று அழைத்த அந்த நபி, அடுத்த மூச்சிலேயே அளவையிலும் நிறுவையிலும் குறை வைக்காதீர்கள் என்றார்கள். அதற்கு அந்த மக்கள், எங்கள் பொருளை எங்கள் விருப்பப்படி செய்துகொள்வதை நாங்கள் விட்டுவிட வேண்டும் என்று உம்முடைய தொழுகையா உமக்குக் கட்டளையிடுகிறது என்று கேலி பேசினார்கள். ஹூது அத்தியாயத்தின் 87வது வசனம் இதை நமக்குச் சொல்கிறது.

சகோதரர்களே! இந்தக் கேலியை நின்று கவனியுங்கள். ஷுஐப் நபி தொழுவதில் அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை. அந்தத் தொழுகை தராசுத் தட்டு வரை வருவதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. மத்யன்வாசிகள் அழிந்து எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அவர்களுடைய கேள்வி மட்டும் நம் கடைவீதிகளில் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. அதுவும் தொழுகிறவர்களின் வாயில்!

அதற்கடுத்த வசனத்தில் ஷுஐப் நபி சொன்ன பதிலையும் முதலாளிமார்கள் கவனிக்க வேண்டும். எதைச் செய்யாதீர்கள் என்று உங்களைத் தடுக்கிறேனோ அதை நானே செய்ய நான் நாடவில்லை என்பது அதன் கருத்து. ஒரு நிறுவனத்தில் ஒழுக்கம் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

தராசில் ஏறாத எடை

"நாங்கள் எடையில் மோசடி செய்வதில்லை, எங்கள் கடையில் எலக்ட்ரானிக் தராசு" என்பார்கள். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் 83வது அத்தியாயம் மளிகைக் கடைக்காரருக்கு மட்டும் இறங்கியதா? மக்களிடமிருந்து அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கிக்கொண்டு, தாம் கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்களுக்குக் கேடு என்று அந்த அத்தியாயம் தொடங்குகிறது. காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்கு ஷட்டர் இறங்கும்வரை ஒரு பையனின் உழைப்பை நிறைவாக அளந்து வாங்குகிறோம். அவனுக்குக் கொடுக்கும்போது நம் கை ஏன் நடுங்குகிறது?

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் ஆண்டிலேயே வந்தது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது அதன் கணக்கு. அதற்கு மேல் வேலை வாங்கினால் கூடுதல் கூலி தர வேண்டும். நம் கடைவீதியில் இந்தக் கணக்குப்படி நடக்கும் கடைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். 2021ஆம் ஆண்டில் அந்தச் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்யப்பட்டது. கடையில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்பதே அந்தத் திருத்தம்! ஒரு மனிதன் கால் வலித்தால் உட்காருவதற்குச் சட்டசபை கூடி சட்டம் போட வேண்டியிருக்கிறது. கேரளாவில் இதே சட்டம் 2018ல் வந்தது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் நாள் முழுதும் நின்றே வேலை பார்த்த பெண்கள், உட்காரவும் சிறுநீர் கழிக்கப் போகவும் உரிமை கேட்டு வருடக்கணக்கில் போராடி வாங்கிய சட்டம் அது.

உங்கள் பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், அவர்களை அல்லாஹ் உங்கள் பொறுப்பில் விட்டிருக்கிறான், நீங்கள் உண்பதை உண்ணக் கொடுங்கள், சக்திக்கு மீறி சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கை கொடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களிடம் கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது. இந்த ஹதீஸை ஓதத் தெரிந்த சமுதாயத்தின் கடைக்கு நாற்காலி போடச் சொல்லி அரசாங்கம் வர வேண்டுமா?

பையன்கள் தூங்கும் இடத்தைப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். சரக்கு அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே, ஜன்னல் இல்லாத கோடவுனில், வெளியே பூட்டு. தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று கேட்டால், "அல்லாஹ் காப்பாத்துவான்" என்கிறார்கள். சாவி மட்டும் முதலாளியின் வீட்டில் இருக்கிறது.

2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோவில் நடந்ததை மறந்துவிட்டோம். தோல் கழிவைத் தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் நள்ளிரவுக்குப் பின் உடைந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்களைக் கழிவுச் சேறு மூடியது. இறந்தவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தோல் தொழில் நம் சமுதாயத்தின் மானத் தொழில். வாணியம்பாடியும் ஆம்பூரும் பேரணாம்பட்டும் அதனால் வளர்ந்தன. மதரஸாக்களும் கல்லூரிகளும் அந்தப் பணத்தில் எழுந்தன. அதே தொழில் பாலாற்றை என்ன செய்தது என்பதை 1996ல் உச்ச நீதிமன்றம் விரிவாக எழுதித் தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரியில் மறுபடியும் அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடு, மாசு செய்தவனிடமிருந்து வசூல் செய் என்று சொல்ல வேண்டி வந்தது. இடையில் 29 வருடங்கள்! இதைச் சொன்னால் சமுதாயத்தின் தொழிலைக் காட்டிக் கொடுப்பதாகச் சிலர் கோபப்படுவார்கள். ஆற்றோரம் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப் போனவர்களில் நம் சமுதாயத்தவரும் இருக்கிறார்களே!

அன்பளிப்பா, கமிஷனா?

அஸ்த் கோத்திரத்தைச் சேர்ந்த ஒருவரை ஜகாத் வசூலிக்க நபி (ஸல்) அவர்கள் அனுப்பினார்கள். திரும்பி வந்தவர், இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று இரண்டாகப் பிரித்து வைத்தார். நபியவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தம் தந்தை வீட்டிலோ தாய் வீட்டிலோ உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். (புகாரி, முஸ்லிம்)

நம் நிறுவனங்களில் கொள்முதல் பார்க்கும் சகோதரர்கள் இந்த ஒரு ஹதீஸை எழுதித் தங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கலாம். சூரத்திலிருந்து துணி வாங்கினாலும் சரி, டெல்லியிலிருந்து பேன்சி சாமான் வாங்கினாலும் சரி, சப்ளை செய்பவன் பெருநாளைக்குக் கொடுக்கும் கைக்கடிகாரம் யாருக்கு வந்தது? உங்களுக்கா, நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கா? அந்தக் கடிகாரத்துக்காகவே மட்டமான சரக்கு கடைக்குள் வருகிறது. முதலாளிக்கு இது தெரியும். அவரே கஸ்டம்ஸ் அதிகாரிக்கும் கார்ப்பரேஷன்காரருக்கும் கவர் கொடுப்பதைப் பையன்தான் போய்க் கொடுத்துவிட்டு வருகிறான். பிறகு எந்த முகத்தோடு மேனேஜரைக் கேட்பது?

கடையில் இரண்டு நோட்டு இருந்தால் பையன் மனதிலும் இரண்டு நோட்டு திறந்துவிடுகிறது. 2017 ஜூலை முதல் ஜி.எஸ்.டி. வந்த பிறகும் "பில் வேணுமா, வேணாமா" என்ற கேள்வி நம் கடைவீதியிலிருந்து போகவில்லை. வரி அதிகம் என்பது நியாயமான புகார். அதற்கு வணிகர் சங்கம் இருக்கிறது, போராட்டம் இருக்கிறது, நாமும் வருகிறோம். ஆனால் வாங்குபவரிடம் வரியை வாங்கிக்கொண்டு அரசுக்குக் கட்டாமல் விடுவதற்கு என்ன பெயர்?

குருவி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்னையிலும் திருச்சியிலும் விமானம் இறங்கும்போது தங்கத்தோடு பிடிபடும் இளைஞர்கள் எல்லாச் சமுதாயத்திலும் இருக்கிறார்கள். நம் கடலோர ஊர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பிடிபடுபவன் எப்போதும் குருவிதான். அனுப்பியவர் அன்றைக்கும் அசர் தொழுகைக்கு வந்து நிற்பார். ஒரு ஏழைப் பையனின் பாஸ்போர்ட்டையும் வாழ்க்கையையும் பணயம் வைத்துச் சம்பாதிப்பதைத் தைரியமான வியாபாரம் என்று பாராட்டும் வழக்கம் நம் டீக்கடைகளில் இருக்கிறது. அந்தப் பாராட்டு முதலில் நிற்க வேண்டும்.

அன்றைக்கு முதலாளியின் முகம்

சரி, என்னதான் செய்வது? பெரிய கம்பெனிகளில் ஒழுக்க விதி என்று புத்தகம் அச்சடித்து ஆளுக்கொன்று கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும். நம் கடைகளில் ஹதீஸைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறோம். அதுவும் நல்லதுதான். ஆனால் பையன் புத்தகத்தையும் படிப்பதில்லை, சுவரையும் படிப்பதில்லை. அவன் படிப்பது ஒன்றே ஒன்றைத்தான். முதலாளியின் முகத்தை.

யோசித்துப் பாருங்கள். நாலாயிரம் ரூபாய்க்குச் சரக்கு எடுக்க வந்த வாடிக்கையாளர், "தம்பி, இது சாயம் போகுமா" என்று கேட்கிறார். பையன், "போகும் அண்ணே" என்கிறான். அவர் எழுந்து போய்விடுகிறார். கல்லாவில் இருக்கும் முதலாளி இதைப் பார்க்கிறார். அந்த ஒரு நிமிடத்தில் அவர் என்ன செய்கிறார்? முறைத்தால், அன்றோடு அந்தக் கடையில் உண்மை செத்தது. இருபது பையன்களும் பார்த்துவிட்டார்கள். இனி எத்தனை பயான் வைத்தாலும் எழுந்திருக்காது. மாறாக, எல்லோர் முன்னிலும், "சரியாச் சொன்னேப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாலாயிரம் ரூபாய் வியாபாரத்தை இழந்து அவர் வாங்கிய சரக்கு அது. அதை எந்த மார்க்கெட்டிலும் வாங்க முடியாது.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபாவின் துணி வியாபாரி என்பது எல்லோருக்கும் தெரியும். தம் கூட்டாளியிடம் துணிகளைக் கொடுத்து, இன்ன துணியில் குறை இருக்கிறது, விற்கும்போது சொல்லிவிடு என்று அனுப்பினார்கள். கூட்டாளி மறந்துபோய், சொல்லாமலே விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. விற்ற பணம் முழுவதையும் இமாம் அவர்கள் தர்மம் செய்துவிட்டார்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அந்தக் கூட்டாளி இன்னொரு தடவை மறந்திருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? அவரை ஏசவும் வேண்டியிருக்கவில்லை, தண்டிக்கவும் வேண்டியிருக்கவில்லை.

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் நடந்து சென்று தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்டுபிடித்த ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. மோசடி செய்பவர் என்னைச் சார்ந்தவர் அல்லர் என்ற எச்சரிக்கை அங்கேதான் வந்தது. குவியலின் மேலே பார்த்துவிட்டுப் போகாமல் உள்ளே கை விட்டார்கள் என்பதை நம் முதலாளிகள் கவனிப்பதில்லை. மேனேஜர் காட்டும் கணக்கு மேல் தானியம். கீழே ஈரம் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் கடைசிப் பையனோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும். மாதம் ஒரு முறை எல்லோரையும் உட்கார வைத்து மஷ்வரா செய்யும் கடை ஒன்று எனக்குத் தெரியும். அங்கே டெலிவரி பையன் எழுந்து முதலாளியின் மகனைப் பற்றியே புகார் சொன்னான். மகன் மன்னிப்புக் கேட்டார். அந்தக் கடையில் எட்டு வருடமாக ஆள் மாறவில்லை.

வேலைக்கு எடுக்கும்போதே சம்பளம், நேரம், விடுமுறை எல்லாவற்றையும் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். கடனையே எழுதிக்கொள்ளச் சொல்லிக் குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) இறங்கியிருக்கும்போது, ஒரு மனிதனின் உழைப்பை வாய்வார்த்தையில் விடலாமா? பெண்கள் வேலை பார்க்கும் இடங்களில், பத்துப் பேருக்குக் குறையாமல் ஆள் இருந்தால், பாலியல் தொல்லை பற்றி விசாரிக்க உள்குழு அமைக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். "நம்ம கடையில அப்படியெல்லாம் நடக்காது" என்று சொல்லும் கடையில்தான் முதலில் அமைக்க வேண்டும். இன்னொன்று. நம் கடைகளில் இந்துச் சகோதரர்களும் வடநாட்டுத் தொழிலாளர்களும் நிறைய இருக்கிறார்கள். முஸ்லிம் பையன் ஜும்ஆவுக்குப் போகும்போது அவர்களுக்கும் அரை மணி நேரம் ஓய்வு கொடுங்கள். தீபாவளிக்கு முந்தின நாள் மாலை பஸ்ஸைப் பிடிக்க விடுங்கள். 2022ல் கர்நாடகாவில் கோயில் திருவிழாக்களில் முஸ்லிம்கள் கடை போடக்கூடாது என்று தடுத்தபோது கொதித்தோம். கொதித்தது நியாயம். நம்மிடம் வேலை செய்யும் பிற மதத்தவர், நம் முதலாளியைப் போல் உண்டா என்று தம் ஊரில் போய்ச் சொன்னால், புறக்கணிப்புக் கோஷத்துக்கு அதைவிட நல்ல பதில் என்ன இருக்கிறது?

கூலி வாங்கும் தம்பிகளுக்கு

முதலாளியைத் திட்டினால் நீங்கள் கை தட்டுவீர்கள் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள். முதலாளி தொழப் போன நேரத்தில் கல்லாவிலிருந்து நூறு ரூபாய் எடுப்பவர் யார்? மூன்று வருடம் வேலை கற்றுக்கொண்டு, வாடிக்கையாளர்களின் நம்பரைச் செல்போனில் ஏற்றிக்கொண்டு, எதிர்க் கடையில் போய்ச் சேருபவர் யார்? அவர் சம்பளம் குறைத்தார், அதனால் எடுத்தேன் என்பது மறுமையில் செல்லாது. சம்பளத்தைக் கேட்டு வாங்குங்கள், கிடைக்காவிட்டால் தொழிலாளர் துறையில் மனுக் கொடுங்கள், ஜமாஅத்தில் சொல்லுங்கள். கை வைக்காதீர்கள்.

கூலியை வாங்காமலே போய்விட்ட ஒரு தொழிலாளியின் பங்கைப் பயிரிட்டுப் பெருக்கி, அவன் திரும்பி வந்தபோது மந்தை மந்தையாக ஒப்படைத்த ஒருவரின் அமலால் குகைப் பாறை விலகியது என்ற ஹதீஸை மதரஸாவில் சிறு வயதிலேயே கற்கிறோம். நம் முதலாளிகள் அந்தப் பாறையை மறந்துவிட்டார்கள் என்றால், தம்பிகளே, நீங்களும் மறக்க வேண்டுமா?

நாங்களும் குற்றவாளிகளே

பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் 2006ல் தொடங்கப்பட்டது. வட்டி இல்லை, இலாபத்தில் பங்கு, ஹலால் முதலீடு என்றார்கள். பல்லாயிரம் பேர் பணம் போட்டார்கள். பெரும்பாலோர் முஸ்லிம்கள். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணமும் ஓய்வூதியப் பணமும் போயின. 2019 ஜூனில் கதவு மூடியது. நிறுவனர் மன்சூர் கான் துபாய்க்குப் போய், ஜூலையில் டெல்லியில் இறங்கியபோது கைதானார். தாடியையும் தொப்பியையும் ஹலால் என்ற சொல்லையும் பார்த்த நம் மக்களில், கணக்கைக் காட்டு என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? கேட்கச் சொல்லிக் கொடுத்த ஆலிம்கள் எத்தனை பேர்? அப்படிப்பட்டவர்களை மேடையில் ஏற்றிச் சால்வை போர்த்துவது யார்? நாங்கள்தான். சமுதாயக் காரியத்துக்குப் பணம் தேவைப்படுகிறது. பணம் கொடுப்பவரிடம் கூலியாள் கணக்கைக் கேட்க நாக்கு எழவில்லை. அந்தத் தம்பி வந்து நிற்கும்வரை, அந்த முதலாளியிடம் ஒரு நாளாவது நான் கேட்டேனா?

நம் அமைப்பின் வணிகர் அணிக் கூட்டம் அடுத்த மாதம் நடக்கிறது. அதில் ஒரு கோரிக்கையை வைக்கப் போகிறேன். நம் மேடையில் உட்காரும் முதலாளிகள், எந்தத் தொழிலாளிக்கும் சம்பள பாக்கி இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு உட்காரட்டும். நன்கொடை ரசீதை அதற்குப் பிறகு கிழிக்கலாம். எதிர்ப்பு வரும். நன்கொடை குறையும். குறையட்டும்.

அந்தத் தம்பி விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முதலாளி முதலில் என் மேல் வருத்தப்பட்டார். இரண்டு வெள்ளி முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாவது வாரம் அவரே ஆள் அனுப்பினார். மூன்று மாதச் சம்பளத்தில் இரண்டு மாதச் சம்பளம் வந்துவிட்டது. டூப்ளிகேட் சார்ஜர் பெட்டிகளை இப்போது தனியாக அடுக்கி, விலையும் தனியாக எழுதியிருக்கிறார்கள் என்று தம்பி சொன்னார். வாடிக்கையாளர் கேட்டால் உண்மையைச் சொல்லலாமா என்பது பற்றி இன்னும் உத்தரவு வரவில்லையாம். மூன்றாவது மாதச் சம்பளத்துக்கு வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வரச் சொல்லியிருக்கிறார். நானும் கூடப் போகிறேன்.